ஏற்றத்தில் இழுவை போன வண்டி: கம்பெனியைப் பதில் சொல்ல வைக்க என்ன வழி?

#1 மேட்டூர்வாசி

கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பதினான்கு மாதம் முன்பு வாங்கிய டர்போ பெட்ரோல் எஸ்யூவி. பதினாறு லட்சம் ஆனது. இதுவரை ஓடியது 21,000 கிலோமீட்டர். கம்பெனி பெயரும் டீலர் பெயரும் இப்போதைக்கு வேண்டாம், கேட்காதீர்கள்.

முதல் தடவை தொப்பூர் ஏற்றத்தில். சேலத்திலிருந்து தர்மபுரிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். பின்சீட்டில் அம்மாவும் மகளும். முன்னால் இரும்புக் கம்பி ஏற்றிய லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. வலது பக்கம் ஏறி அதைத் தாண்டும்போது வண்டி தொய்ந்தது. ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு மிதிக்கிறேன், வேகம் 80லிருந்து 30க்கு இறங்குகிறது. இன்ஜின் அணையவில்லை. பிரேக் இருக்கிறது, ஸ்டீயரிங் இருக்கிறது, ஏசிகூட ஓடுகிறது. இழுவை மட்டும் இல்லை. இடது பக்கம் லாரி, பின்னால் ஒரு பஸ் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் வருகிறது. ஹசார்டு விளக்கைப் போட்டு, லாரியை முன்னால் விட்டு, எப்படியோ ஓரங்கட்டினேன். அம்மா "பெருமாளே" என்று ஒரு தடவை சொன்னதோடு சரி, வேறு யாரும் பேசவில்லை.

கால் மணி நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தால், ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது. எரிந்த மஞ்சள் இன்ஜின் விளக்கையும் காணோம்.

இரண்டாவது தடவை சங்ககிரி தாண்டி, மதியம் இரண்டு மணி வெயிலில், சமதளத்தில். மூன்றாவது, போன வாரம் ராசிபுரம் பக்கம்.

சர்வீஸ் சென்டரில் முதல் தடவை "ஸ்கேனரில் எதுவும் இல்லை சார்" என்று சொல்லி சாஃப்ட்வேர் அப்டேட் போட்டார்கள். அடுத்த தடவை "கலப்பட பெட்ரோல்" என்று சொல்லி டேங்க் சுத்தம் செய்து 4,800 ரூபாய் பில் போட்டார்கள். கலப்படத்துக்கு வாரண்டி கிடையாதாம். மூன்றாவது தடவை ஐந்து நாள் வைத்திருந்து, ஊருக்குள் 12 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டு "நார்மல்" என்றார்கள். கம்பெனிக்கு மெயில் போட்டேன். ஒரு டிக்கெட் எண் வந்தது. நான்காம் நாள் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று இன்னொரு மெயில். யார் தீர்த்தார்கள், எதைத் தீர்த்தார்கள் என்று ஒரு வரி இல்லை.

வண்டியை ஓட்டவே பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

#2 சும்மா வந்தவன்

டேங்க் கழுவ 4,800 ரூபாயா? எங்கள் வீட்டு மேல்நிலைத் தொட்டியை 600 ரூபாய்க்குக் கழுவுகிறார்கள்.

#3 பட்டறை அண்ணாச்சி

தம்பி, இன்ஜின் அணைந்ததா, இழுவை மட்டும் போனதா என்று பிரித்துச் சொன்னீர்களே, அதற்கே ஒரு டீ வாங்கித் தரலாம். பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் "நின்னுடுச்சு" என்பதோடு முடித்துக்கொள்வார்கள்.

இந்தக் கால வண்டியில் ஆக்ஸிலரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே கேபிள் கிடையாது. மிதி வெறும் சென்சார். நீங்கள் கேட்பதைக் கொடுப்பதா வேண்டாமா என்று ஈசியூ என்கிற இன்ஜின் கம்ப்யூட்டர்தான் முடிவு செய்யும். ஏதாவது ஒரு அளவு உதைத்தால் இன்ஜினைக் காப்பாற்ற நொண்டி ஓட்டத்துக்குப் போய்விடும். லிம்ப் மோடு என்பது அதுதான். சாவியை அணைத்துப் போட்டால் பல வண்டிகளில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

காரணம் பல இருக்கலாம். டர்போ குழாய் கிழிந்திருந்தால் குறை எப்போதும் இருக்கும், விசில் மாதிரி சத்தமும் வரும். மிதி சென்சாரோ த்ராட்டிலோ கெட்டிருந்தால் வெயில், ஏற்றம் எதையும் பார்க்காது, வீட்டு வாசலில்கூடப் படுத்துவிடும். உங்கள் கதையில் சூடு, ஏற்றம், ஓவர்டேக் என்றுதான் வருகிறது. ஒரு கேள்வி: மூன்று தடவையும் டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருந்தது?

#4 மேட்டூர்வாசி

யோசித்துப் பார்த்தால் மூன்று தடவையும் கால் டேங்குக்குக் கீழே. ராசிபுரத்தில் ரிசர்வ் விளக்கு எரியும் நிலை. அண்ணாச்சி, எப்படி இதைக் கேட்டீர்கள்?

#5 பட்டறை அண்ணாச்சி

அப்படியானால் பெட்ரோல் வரும் வழியைச் சந்தேகப்படுங்கள். டேங்குக்குள் ஒரு பம்ப் இருக்கிறது. சுமார் 5 பார் அழுத்தத்தில் பெட்ரோலை முன்னால் தள்ளும். உங்களுடைய மாதிரி டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் இன்னொரு பம்ப் அதை வாங்கி 200 பாருக்கு மேல் ஏற்றி, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குக் கொடுக்கும். டேங்க் பம்பைச் சூடாகாமல் காப்பதே அதைச் சுற்றி இருக்கும் பெட்ரோல்தான். டேங்க் வற்றியிருக்கிறது, வெளியே வெயில், நீங்கள் ஏற்றத்தில் முழுசாக மிதிக்கிறீர்கள்: அந்த நேரத்தில் பம்ப் திணறினால் முன்னால் அழுத்தம் விழும், ஈசியூ இழுவையை வெட்டும். கால் மணி நேரம் நின்றால் பம்ப் ஆறிவிடும். அப்புறம் நல்ல பிள்ளை மாதிரி ஓடும். ஊருக்குள் 12 கிலோமீட்டர் ஓட்டினால் இது எங்கே தெரியும்?

புதுக் கதையும் இல்லை. டென்சோ செய்த பெட்ரோல் பம்ப் பல நாடுகளில் திரும்பப் பெறப்பட்டது. உள்ளே சுழலும் பிளாஸ்டிக் சக்கரம் பெட்ரோலை உறிஞ்சி ஊதி, சுற்றியுள்ள கூட்டில் உரசி மாட்டிக்கொண்டது. நம் ஊரில் 2020 ஜூலையில் பம்ப் கோளாறுக்காக மாருதி வேகன்ஆர், பலேனோ இரண்டிலும் சேர்த்து 1,34,885 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. ஹோண்டா 2024 அக்டோபரில் 90,468 வண்டிகளை அழைத்தது. உங்கள் வண்டி இவற்றில் எதுவும் இல்லை என்று நினைக்கிறேன். அவர்கள் ஒப்புக்கொண்டு இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதினேன்.

இவ்வளவும் ஊகம். ஓடும்போது ரெயில் பிரஷர், அதாவது இன்ஜெக்டருக்கு முன்னால் இருக்கும் பெட்ரோல் அழுத்தம், எவ்வளவு என்று பதிவு செய்தால்தான் உறுதி. ஈசியூ சொல்வதைப் படித்து ஃபோனுக்கு அனுப்பும் ஒரு ப்ளூடூத் ஓபிடி கருவி வாங்கி மாட்டி, ஃபோனில் பதிவு போட்டுக்கொண்டே ஓட்டுங்கள். தனியாக ஓட்டுங்கள், வீட்டுக்காரர்களை ஏற்ற வேண்டாம். அதுவரை டேங்கைப் பாதிக்குக் கீழே இறக்காதீர்கள்.

#6 நாலுவழிச்சாலை

எல்லாம் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் செய்யும் வேலை. எத்தனால் தண்ணீரை இழுக்கும். கம்பெனி என்ன செய்யும் பாவம்?

#7 பட்டறை அண்ணாச்சி

எத்தனால் தண்ணீரை இழுக்கும் என்பது சரி. ஆனால் பதினான்கு மாத வண்டி, இ20க்கு என்றே செய்து விற்றது. பெட்ரோல் மூடியைத் திறந்தால் ஸ்டிக்கரே ஒட்டியிருக்கும். அந்தப் பெட்ரோலில் ஓடாது என்றால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவரும் விற்றவர்தானே?

#8 மேட்டூர்வாசி

பெட்ரோல் மூன்று தடவையும் வேறு வேறு பங்க்கில் போட்டது. கிருஷ்ணகிரி, ஈரோடு, மேட்டூர். ஜிபே கணக்கில் மூன்றும் இருக்கிறது. மூன்று பங்க்கும் சேர்ந்து என் ஒருவனுக்கு மட்டும் கலப்படம் செய்திருக்க வேண்டும்.

#9 கறுப்புக்கோட்டு

நான் நுகர்வோர் வழக்குகள் பார்க்கிறவன். பம்பா, டர்போவா என்பதை அண்ணாச்சி பார்த்துக்கொள்வார். நான் கேட்பது ஒன்றுதான். வண்டியை சர்வீஸில் விடும்போது எழுதித் தரும் உங்கள் மூன்று ஜாப் கார்டிலும், வாடிக்கையாளர் சொன்ன குறை என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது? எடுத்துப் பார்த்து அப்படியே இங்கே போடுங்கள்.

#10 மேட்டூர்வாசி

இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். முதலாவதில் "ஜெனரல் செக்கப், பிக்கப் குறைவு". இரண்டாவதில் "பிக்கப் குறைவு, மைலேஜ் குறைவு". மைலேஜ் பற்றி நான் பேசவே இல்லை! மூன்றாவதில் "பிக்கப் செக்". மூன்றிலும் கீழே என் கையெழுத்து. அட்வைசர் டேப்லெட்டை நீட்டினார், விரலால் கிறுக்கிவிட்டு வந்தேன்.

#11 கறுப்புக்கோட்டு

நினைத்தேன். நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு உயிர் போகப் பார்த்த சம்பவம், காகிதத்தில் "பிக்கப் குறைவு" ஆகிவிட்டது. நாளை நுகர்வோர் ஆணையத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த மூன்று காகிதத்தையும் நீட்டி, "இவருக்கு வேகம் போதவில்லையாம்" என்பார். வண்டி பழுது வழக்குகளில் பாதி, மனுப் போடும் முன்பே சர்வீஸ் கவுண்டரில் தோற்றுவிடுகிறது.

இனி செய்ய வேண்டியது. நடந்த மூன்றையும் தேதி, நேரம், இடம், வேகம், ஓடிய கிலோமீட்டர், வண்டியில் இருந்தவர்கள் என்று எழுதுங்கள். "ஓடும்போது திடீரென இழுவை இழந்தது, பாதுகாப்புக் குறைபாடு" என்ற சொற்களோடு டீலருக்கும் கம்பெனிக்கும் மெயில், கூடவே பதிவுத் தபால். அடுத்த தடவை வண்டியை விடும்போது உங்கள் வாக்கியம் அப்படியே ஜாப் கார்டில் ஏறும்வரை கையெழுத்துப் போடாதீர்கள். "சிஸ்டத்தில் அந்த ஆப்ஷன் இல்லை சார்" என்பார்கள். அப்படியானால் பிரிண்ட் எடுத்துப் பேனாவால் எழுதிக் கையெழுத்திட்டு, அதைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் அறிக்கையையும் கேளுங்கள். ஈசியூவில் பதிவான பழுதுக் குறியீட்டை அழிக்கும் முன்பு கேட்க வேண்டும், அழித்தால் கூடவே பதிவாகியிருக்கும் வேகம், லோடு விவரமும் போய்விடும்.

சட்டம் எங்கே நிற்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தயாரிப்பாளர் பொறுப்பு என்று தனி அத்தியாயமே உண்டு. ஆனால் அதில் ஒரு கொக்கி இருக்கிறது. பொருளுக்கே ஏற்பட்ட சேதம் அந்த அத்தியாயத்தில் தீங்கு என்ற கணக்கில் வராது. ஆளுக்கு அடிபட்டாலோ வேறு சொத்து நாசமானாலோதான் வரும். நல்லவேளை உங்களுக்கு அது நடக்கவில்லை. ஆகவே பழுதான பொருள், சேவைக் குறைபாடு என்ற பழைய வழியில்தான் போக வேண்டும். காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனுப் போட வேண்டும். கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம்.

டீலர், கம்பெனி இருவரையும் சேருங்கள், ஆனால் யார் என்ன செய்தார்கள் என்று தனித்தனியாக எழுதுங்கள். டாடா மோட்டார்ஸ் சம்பந்தப்பட்ட ஒரு கோவா வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம், டீலர் செய்த தவறு கம்பெனிக்குத் தெரிந்திருந்தது என்று காட்டாமல் கம்பெனி மேல் பொறுப்பைச் சுமத்த முடியாது என்றது. கம்பெனிக்கு நீங்கள் அனுப்பும் மெயிலுக்கு மதிப்பு அங்கேதான். நாளை "எங்களுக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது.

#12 டிராய் மிச்சிகன்

கறுப்புக்கோட்டு ஐயா சொல்வதைப் படித்ததும் இங்கே நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. நான் டெட்ராய்ட் பக்கம் வாகன உதிரிபாகத் துறையில் வேலை பார்க்கிறேன்.

ஜெனரல் மோட்டார்ஸ் சாவி சுவிட்ச் விவகாரம். சில மாடல்களில் சுவிட்சின் உள்ளே இருந்த ஸ்பிரிங் இறுக்கம் போதவில்லை. சாவிக் கொத்து கனமாக இருந்தாலோ, முழங்கால் இடித்தாலோ, ஓடும்போதே சாவி ஒரு படி திரும்பி இன்ஜின் அணைந்துவிடும். பவர் ஸ்டீயரிங் போகும், அதைவிட மோசம், மோதினால் ஏர்பேக் விரியாது. 2014இல் 26 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். நஷ்டஈட்டு நிதி ஏற்றுக்கொண்ட சாவுகள் மட்டும் 124. கம்பெனிக்குள் பல வருடம் இது சாவு விஷயமாகவே பேசப்படவில்லை, வாடிக்கையாளர் அசௌகரியம் என்ற தலைப்பில் கிடந்தது. உங்கள் "பிக்கப் குறைவு" மாதிரி.

இன்னொரு விஷயம். நடுவில் சுவிட்சைச் சத்தமில்லாமல் திருத்தினார்கள், ஆனால் பாக எண்ணை மாற்றவில்லை. அதனால் எந்த வண்டியில் பழையது, எதில் புதியது என்று வெளியே யாராலும் பிரிக்க முடியவில்லை. மகளை இழந்த ஒரு ஜார்ஜியா குடும்பத்தின் வக்கீல் வைத்த பொறியாளர், விபத்தான வண்டியின் சுவிட்சையும் கடையில் வாங்கிய புதியதையும் பிரித்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் உண்மை வெளியே வந்தது. ஆகவே எந்தப் பாகத்தை மாற்றினாலும் பழையதன் எண்ணையும் புதியதன் எண்ணையும் படம் எடுத்துவிடுங்கள்.

#13 மஞ்சள் போர்டு

நான் டாக்ஸி ஓட்டுகிறேன். எங்களுக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்கிறார்களே, உண்மையா?

#14 கறுப்புக்கோட்டு

வியாபாரத்துக்கு வாங்கினால் பொருந்தாது. பிழைப்புக்காகச் சுயதொழிலாக நீங்களே ஓட்டினால் பொருந்தும். பத்து வண்டி வாங்கி ஆள் போட்டு ஓட்டினால் சிக்கல்.

#15 நாலுவழிச்சாலை

இவ்வளவு காகிதம் எதற்கு? வடக்கே செய்கிற மாதிரி வண்டியில் கழுதையைக் கட்டி ஷோரூம் வாசலுக்கு இழுத்துப் போங்கள். வீடியோ ஒரு லட்சம் பேர் பார்த்தால் சாயங்காலமே மேனேஜர் வீட்டுக்கு வருவார்.

#16 மேட்டூர்வாசி

வீட்டில் இதையே மச்சானும் சொன்னான். கழுதைக்கு எங்கே போவது என்றுதான் யோசிக்கிறேன். உண்மையைச் சொன்னால் எனக்குப் புது வண்டி வேண்டாம், பணம்கூட இரண்டாம் பட்சம். எது கெட்டது என்று எழுதித் தர வேண்டும். இதே வண்டி வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் அதைச் சொல்ல வேண்டும். கழுதை இழுத்தால் என் வண்டியை மட்டும் சரி செய்து வாயை அடைத்துவிடுவார்கள்.

#17 மேட்டூர்வாசி (ஒன்றரை மாதம் கழித்து)

தாமதத்துக்கு மன்னிக்கவும். ஓபிடி கருவி வாங்கினேன். நான்கு ஞாயிற்றுக்கிழமை மதியம், கால் டேங்க் பெட்ரோலோடு, தனியாகத் தொப்பூர் ஏறினேன். மூன்று வாரம் ஒன்றும் இல்லை. நான்காவது வாரம் வந்தது. ஃபோனில் ரெயில் பிரஷர் வரைபடம் சறுக்குமரம் மாதிரி விழுந்தது, பி 0087 என்ற பழுதுக் குறியீடு பதிவானது. ரெயில் பிரஷர் மிகவும் குறைவு என்று அர்த்தம். அந்தப் பயத்திலும் கைதட்டத் தோன்றியது என்றால் நம்புவீர்களா?

வண்டியை அணைக்காமல் ஓரங்கட்டி, படம் எடுத்து, ரெக்கவரி வண்டியில் ஏற்றி நேராக சர்வீஸ் சென்டர். ஜாப் கார்டுக்கு நாற்பது நிமிடம் சண்டை. கடைசியில் "ஓடும்போது திடீரென இழுவை இழந்தது, நான்காவது தடவை" என்று பேனாவால் எழுதி, அட்வைசர் முத்திரையும் வைத்தார். பாவம், அந்தப் பையனுக்கு இருபத்துநான்கு வயது இருக்கும். "சார், எங்களை இப்படி எழுத வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்" என்று மெதுவாகச் சொன்னான்.

ஒன்பதாம் நாள் வண்டி தயார். டேங்க் பம்ப் மாற்றப்பட்டது. பில்லில் வாரண்டி என்று இல்லை, "நல்லெண்ண அடிப்படையில்" என்று இருக்கிறது. பழைய பம்பைக் கேட்டேன். வாரண்டி பாகம் கம்பெனிக்குச் சொந்தம், தர முடியாது என்றார்கள். வாரண்டி இல்லை, நல்லெண்ணம் என்று நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள் என்றேன். பதில் இல்லை. கொடுக்கவில்லை, ஆனால் படம் எடுக்க விட்டார்கள். புதிய பம்பின் எண்ணில் கடைசி எழுத்து மட்டும் வேறு.

மறுநாள் ஏரியா மேனேஜர் ஃபோன். ஒரு வருடம் கூடுதல் வாரண்டி, 4,800 ரூபாய் திரும்ப, கூடவே ஒரு கடிதம். "முழுத் திருப்தி, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை, வெளியில் பேச மாட்டேன்" என்று நான் கையெழுத்திட வேண்டும். என்ன கெட்டது என்று அதில் ஒரு வரி சேருங்கள், போடுகிறேன் என்றேன். கேட்டுச் சொல்கிறேன் என்றார். ஆறு நாள் ஆகிறது.

#18 பட்டறை அண்ணாச்சி

கடைசி எழுத்து மாறினாலே மூடி மறைத்தார்கள் என்று ஆகாது தம்பி. ஒரு வாஷரை மாற்றினால்கூட எழுத்து மாறும். ஆனால் எப்போது மாறியது, எதற்கு மாறியது என்று கேட்கலாம்.

#19 கறுப்புக்கோட்டு

நேர்மையாக ஒன்று சொல்கிறேன். வண்டி சரியாக ஓடினால் போதும் என்று தோன்றினால் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அதில் தப்பே இல்லை. வழக்கு இழுக்கும். பம்பை மாற்றிய பிறகு பழுது இருந்ததை நிரூபிப்பதும் கடினம், ஆய்வுக்கு அனுப்பினால் அந்தக் கட்டணத்தை நீங்கள்தான் முதலில் கட்ட வேண்டும். புது வண்டி கனவும் வேண்டாம். வாரண்டியில் பாகத்தை மாற்றித் தருவதே கடமை, முழு வண்டியையும் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2006இலேயே ஒரு மாருதி வழக்கில் சொல்லிவிட்டது.

எழுத்தில் பதில்தான் வேண்டும் என்றால் கையெழுத்துப் போடாதீர்கள். வழக்கில் அந்தப் பழைய பம்பையும் அதன் ஆய்வறிக்கையையும் தாக்கல் செய்யச் சொல்லிக் கேட்போம். கொடுக்காமல் இருந்தால் அதையே வாதமாக வைக்கலாம்.

கூடவே அரசின் வாகன் இணையதளத்தில் ரீகால் புகார், அதாவது வண்டிகளைத் திரும்ப அழைக்கக் கோரும் புகார், போடுங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 110ஏ பிரிவு சேர்ந்து, 2021 ஏப்ரல் முதல் அதற்கான விதி நடைமுறையில் இருக்கிறது. 7 ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்குப் பொருந்தும். விற்பனைக்குத் தகுந்தபடி குறிப்பிட்ட எண்ணிக்கையில் புகார் சேர்ந்தால் அரசே விசாரித்துத் திரும்ப அழைக்க உத்தரவிடலாம், அபராதம் ஒரு கோடி வரை போகும். ஒருவர் மட்டும் போட்டால் எண்ணிக்கை ஒன்றுதான், அதுதான் பிரச்சினை.

#20 டிராய் மிச்சிகன்

இங்கே வண்டிப் பாதுகாப்பைப் பார்க்கும் அரசு அமைப்பின் தளத்தில் எந்த மாடலுக்கு என்ன புகார் வந்தது என்று யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஐந்து நிமிடத்தில் உங்களைப் போல இன்னும் எத்தனை பேர் என்று தெரிந்துவிடும்.

#21 மேட்டூர்வாசி

கையெழுத்துப் போடவில்லை. மேனேஜர் திரும்பக் கூப்பிடவும் இல்லை. சேலம் மாவட்ட ஆணையத்தில் இணையம் வழியாக மனுப் போட்டாயிற்று. 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை 400 ரூபாய்தான் கட்டணம். டேங்க் கழுவியதில் பன்னிரண்டில் ஒரு பங்கு. ரீகால் புகாரும் போட்டாயிற்று. வண்டி இப்போது நன்றாகத்தான் ஓடுகிறது. அம்மா மட்டும் இன்னும் ஏறவில்லை, போன வாரம் தர்மபுரிக்குப் பஸ்ஸில்தான் போய்விட்டு வந்தார்.

#22 புதுப்பயணி

இந்த இழையைத் தேடி எடுத்ததால் இன்றுதான் உறுப்பினர் ஆனேன். நேற்று மதியம் மதுரை போகும்போது துவரங்குறிச்சி தாண்டி எனக்கும் அப்படியே நடந்தது. டர்போ பெட்ரோல்தான், கால் டேங்க்தான். உங்கள் வண்டி எந்த மாடல், எந்த மாதத் தயாரிப்பு என்று சொல்ல முடியுமா? காலையில் சர்வீஸில் விட்டேன். பிக்கப் குறைவு என்று எழுதிக்கொண்டார்கள், சாயங்காலம் தருவதாகச் சொன்னார்கள்.

#23 மேட்டூர்வாசி

மாடலையும் மாதத்தையும் தனிமடலில் அனுப்புகிறேன். அண்ணே, ஜாப் கார்டில் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? பழுதுக் குறியீட்டை அழித்துவிட்டார்களா என்று இப்போதே ஃபோன் போட்டுக் கேளுங்கள்.